தன் கதை சொல்லாமல் பிறர்க்கு யோசனை சொல்லாத அக்காவுக்கு

சிரிப்புக்குச் சிறகு தந்த செல்வியே! சீட்டுப் பெட்டியின் சீமாட்டியே! இருநூற்றுப் பன்னிரண்டு மடக்கு நாற்காலிகளை இருபத்தொன்பது ஆண்டுகளாக ஒன்றையும் மடக்க விடாமல் நிறைத்து வைத்த எங்கள் நிறைகுடமே! மேடையேறினால் மின்னலே, இறங்கினால் எங்கள் எல்லோருக்கும் மூத்தவரே! இன்று மேடையிலிருந்து விடைபெறும் அக்கா! வணக்கம்!

இத்தனை அடைமொழிகளை எழுதி முடிக்க எங்களுக்கு மூன்று நாள் பிடித்தது. நம் மேடையில் மாமியார் கதைகளையே சொல்லும் பூசணியார் ‘சிரிப்புச் சிங்கமே’ என்றொன்றைச் சேர்த்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். சிங்கம் சிரித்து யார் பார்த்தது என்று நீங்கள் கேட்பீர்கள் என்பதால் அடித்துவிட்டோம். அவருக்கு இன்னும் வருத்தம்தான். முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

அச்சகத்துக்கு மேல்மாடியில், ஆடும் பலகைகளை அடுக்கிய அந்த அரங்கில், சனிக்கிழமைதோறும் மாலை ஆறு மணிக்குத் தொடங்கும் நம் ‘சொந்தக் கதை, சும்மா யோசனை’ நிகழ்ச்சியின் உயிரும் உரமுமாக இருந்தவர் நீங்கள்! கீழே இயந்திரம் ஓடத் தொடங்கினால் மேலே மேடை கிடுகிடுக்கும். புதிதாக வருபவர்கள் நாற்காலியைப் பிடித்துக்கொள்வார்கள். நீங்களோ அசையாமல் நின்று, “பாத்தீங்களா, நீங்க சிரிக்கலைன்னாலும் தரை சிரிக்குது” என்பீர்கள். அந்த ஒரு வரியை முந்நூறு தடவையாவது கேட்டிருப்போம். ஒவ்வொரு தடவையும் சிரித்தோம், வெட்கமில்லாமல்.

வருகிறவர்கள் தங்கள் வீட்டுச் சிக்கலைத் துண்டுச் சீட்டில் பெயரில்லாமல் எழுதி, வாசலில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போடுவார்கள். அதை எடுத்துப் படித்து நாம் யோசனை சொல்வோம். ஆனால் சும்மா சொல்லிவிட முடியுமா? விட்டுவிடுவீர்களா நீங்கள்! யோசனை சொல்கிறவர் முதலில் அதே விஷயத்தில் தான் அசடு வழிந்த கதையைச் சொல்ல வேண்டும். அந்தக் கதை சொந்தமாக இருக்க வேண்டும். உண்மையாக இருக்க வேண்டும். இது நீங்கள் போட்ட சட்டம். “முட்டாள்தனம் பண்ணாதவன் சொல்ற யோசனையை யாரு கேப்பா?” என்று கேட்டு எங்கள் வாயை அடைத்த சட்டம்.

முகவரியைச் சரிபார்ப்பது எப்படி என்று ஒருவர் கேட்டபோது, மூன்றாம் மாடிக்குப் போக வேண்டிய நீங்கள் இரண்டாம் மாடியில் யாரோ பெற்ற பிள்ளையின் பிறந்தநாளில் புகுந்து, பரிசு கொடுத்து, பாட்டுப் பாடி, இரண்டு துண்டு கேக்கும் தின்ற கதையைச் சொன்னீர்கள். “நம்பரை வீட்டை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி பாருங்க, கேக்கு மேல பாக்காதீங்க” என்றீர்கள். விருந்தாளி எழுந்திருக்க மாட்டேன் என்கிறாரே என்று ஒரு பெண் புலம்பியபோது, “உக்காந்துக்கிட்டே ‘இன்னும் கொஞ்ச நேரம் இருங்களேன்’னு சொல்லாதீங்கம்மா, நம்பிடுவாங்க. நான் நம்பியிருக்கேன், நாலு நாள்” என்றீர்கள். கோபத்தில் துணி துவைத்தால் பொத்தான்தான் தெறிக்கும் என்பதும், மூக்குக்கண்ணாடியைத் தேடும்போது முதலில் தலையைத் தடவிப் பார்க்க வேண்டும் என்பதும் இந்த ஊருக்கு நீங்கள் கற்றுத் தந்த பாடங்கள். எத்தனை வீட்டுப் பொத்தான்கள் உங்களால் பிழைத்தனவோ, யார் கண்டார்!

அறிவின் அருவியே! இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த புகழ். எங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது. அதை எழுதாமல் இந்த மடலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால், கண்ணாடிக்குள் இருப்பது வெறும் காகிதம்தான்.

அது நம் நெட்டையாரின் கதை. ஆறடி மூன்றங்குலம். ஒட்டடை அடிக்க இவரைக் கூப்பிட்டால் குச்சி வேண்டாம் என்று நீங்களே சொன்ன அதே நெட்டையார்தான். இதோ முன்வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் நல்லவர் போல உட்கார்ந்திருக்கிறார்.

நெட்டையாருக்கு ஒரே மகள். கண்ணாடிக் கடையில் வேலை. மற்றவர்களுக்கெல்லாம் பார்வை சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லும் பெண். கார் ஓட்டும் தேர்வில் நான்காம் முறையும் தேறாமல் போனபோது, தேர்வு நடந்த அலுவலக வாசலில் நின்றே அப்பாவுக்குத் தொலைபேசியில் பேசி விக்கி விக்கி அழுதாள். முன்னால் போக வேண்டிய வண்டியைப் பின்னால் எடுத்து, தேர்வாளர் பக்கத்துக் கதவு சுவரோடு ஒட்டிக்கொள்ளும்படி நிறுத்தி, அந்த மனிதர் வெளியே வர முடியாமல் அவள் மடிமேல் ஏறி இறங்கும்படி ஆகிவிட்டதாம்.

நகைச்சுவைக்காரன் காதில் இப்படி ஒரு கதை விழுந்தால் என்ன ஆகும்? அந்தச் சனிக்கிழமையே மேடையேற்றினார் நெட்டையார். கார், சுவர், தேர்வாளர் எல்லாம் சரி. அதோடு விட்டாரா! மகளின் அழுகையை அப்படியே நடித்துக் காட்டினார். விக்கலுக்கு விக்கல், மூக்குறிஞ்சலுக்கு மூக்குறிஞ்சல். அரங்கம் அதிர்ந்தது. கீழே இயந்திரம் ஓடவில்லை, இருந்தும் மேடை ஆடியது. நான்காம் வரிசையில், தன்னோடு வேலை பார்க்கும் ஐந்து பேரை ‘எங்கப்பா நிகழ்ச்சிக்கு வாங்க’ என்று ஆசையாக அழைத்து வந்து உட்கார்ந்திருந்தாள் மகள்.

திங்கட்கிழமை கடையில் அவள் நுழையும்போதெல்லாம் யாராவது விக்கிக் காட்டினார்கள். அந்த வாரமே தோழியோடு தனியாக வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டாள். அப்பாவின் அழைப்பை எடுப்பதில்லை. அம்மாவிடம் பேசுவாள், ‘அப்பாகிட்ட குடுக்கட்டுமா’ என்றால் வைத்துவிடுவாள். நெட்டையாருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. கதை சொந்தம், கதை உண்மை, சட்டப்படி எந்தக் குற்றமும் இல்லையே! மகள் கதை அப்பன் கதை இல்லையா? இப்படியொரு தப்பை நம் தொழிலில் இருப்பவன்தான் செய்ய முடியும், அக்கா. வேறு யார் வீட்டிலும் அழுகையைக் கேட்டதும் ‘இது எத்தனை நிமிஷம் வரும்’ என்று கணக்குப் போட மாட்டார்கள்.

பதினொரு மாதம். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை மனிதர். வாரா வாரம் வந்தார், சிரிக்க வைத்தார், வீட்டுக்குப் போனார். கடைசியில் தாங்க முடியாமல், இடக்கையால் கோணல்மாணலாக ஒரு சீட்டு எழுதி, நம் பிஸ்கட் டப்பாவிலேயே போட்டுவிட்டார்! ‘என் மகளைப் பற்றி எல்லோர் முன்னாலும் ஒரு கதை சொல்லிவிட்டேன். பதினொரு மாதமாக அவள் என்னோடு பேசுவதில்லை. இனி பேசுவாளா? என்ன செய்யட்டும்?’

அந்தச் சீட்டை எடுத்துப் படித்தவர் நம் பூசணியார். படித்த வாயோடு, “பதினோரு மாசமா பேசலையா! சார், அந்தப் பொண்ணை எங்க வீட்டுக்கு அனுப்புங்க, என் மாமியாருக்குப் பயிற்சி குடுக்கட்டும்!” என்றார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பில் எல்லோரையும்விடப் பலமாக, தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தவர் நெட்டையார். வேறு என்ன செய்வார், பாவம்! கண்ணில் தண்ணீர் வந்தது. சிரித்ததால் என்றே நாங்களும் நினைத்தோம்.

நீங்கள் மட்டும் கையை நீட்டிச் சீட்டை வாங்கினீர்கள். திருப்பிப் பார்த்தீர்கள். கெட்டிக்காரர் கையெழுத்தை மாற்றியவர், காகிதத்தை மாற்ற மறந்துவிட்டார். பின்பக்கம் நமக்கு மட்டும் வாரந்தோறும் அச்சடித்துத் தரும் நிகழ்ச்சி நிரல். ஆறாவது வரியில் நெட்டையார் பெயருக்கு எதிரே அவரே போட்ட பேனாக் கோடு. நீங்கள் சீட்டை மடித்துக் கைக்கடிகாரப் பட்டைக்குள் செருகிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினீர்கள். நெட்டையார் பக்கம் ஒரு பார்வைகூடப் பார்க்கவில்லை.

நாங்கள் அதுவரை கேட்டேயிராத கதை ஒன்றைச் சொன்னீர்கள். உங்கள் தங்கையின் ரகசியம் ஒன்றை மேடையில் சொல்லி, அவர் நான்கு ஆண்டு உங்களோடு பேசாமல் இருந்த கதை. என்ன ரகசியம் என்று சொல்லவில்லை. “அதைத் திரும்பவும் சொன்னா எனக்குப் புத்தி வரலைன்னு அர்த்தம்” என்று தாண்டிப் போனீர்கள். பிறகு சொன்னது எங்களுக்கு எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது.

“நான் என்ன பண்ணேன் தெரியுமா? தங்கச்சியை முன்வரிசையில உக்கார வெச்சு, மைக்கைப் பிடிச்சு, எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டேன். குரல் தழுதழுக்கக் கேட்டேன். எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. கைதட்டு நிக்கறப்ப பாக்கறேன், அவ நாற்காலி காலி. கைதட்டல் எனக்குக் கிடைச்சுது, தங்கச்சி கிடைக்கலை.”

பூசணியார்கூட வாயை மூடியிருந்தார். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியும்.

“அதனால, இந்தச் சீட்டை எழுதினவரே, மைக் இல்லாம போங்க. கூட்டம் இல்லாம போங்க. ஒரு ஜோக்கும் எடுத்துட்டுப் போகாதீங்க. தப்பு பண்ணிட்டேன்னு சொல்லிட்டு வாயை மூடிக்குங்க. அவங்க பேசறப்ப நடுவுல புகுந்து அதை இன்னும் நல்லா சொல்லிக் காட்டாதீங்க. நான் அப்படித்தான் போனேன், ஒரு சாயங்காலம் பூரா அவ அடுக்களையில உக்காந்து பட்டாணி உரிச்சேன். கடைசியில, ‘தோலை ஏன்க்கா பாத்திரத்துல போடறே’ன்னு திட்டினா. அவ்வளவுதான், சரியாப் போச்சு.”

மறுநாள் ஞாயிறு காலை பத்து மணிக்கு மூன்று மாடி ஏறி மகள் வீட்டு வாசலில் நின்றார் நெட்டையார். கதவைத் திறந்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பயந்துபோனாள். “என்னப்பா, அம்மாவுக்கு என்ன ஆச்சு?” வேடிக்கை இல்லாத அந்த முகத்தை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை! பதினொரு மாதத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. “யாருக்கும் ஒண்ணும் ஆகலைம்மா. நான் தப்பு பண்ணிட்டேன்” என்றார். நீங்கள் சொன்னபடி வாயை மூடிக்கொண்டார்.

உள்ளே தோழியும் அவளும் திரைச்சீலைக் கம்பியை மாட்ட முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தார்கள். முக்காலிமேல் ஏறியும் எட்டவில்லை. நெட்டையார் தரையில் நின்றே கம்பியைத் தூக்கிப் பிடித்தார், முக்கால் மணி நேரம். இவர் உயரத்துக்கும் அந்தக் கம்பிக்கும் எத்தனை நகைச்சுவை இருக்கும், நினைத்துப் பாருங்கள்! பதினாலு வந்ததாம், பதினாலையும் விழுங்கினாராம். கழுத்து நரம்பு புடைத்ததாம். எங்கள் தொழிலில் இதைவிடப் பெரிய தவம் கிடையாது.

திருகாணியை முடுக்கிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் மகள் சொன்னாள்: “ஃபெயிலானதை நீங்க சொல்லியிருக்கலாம்பா. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. ஆனா நான் உங்ககிட்ட மட்டும்தான் அழுதேன். அதை எடுத்து இருநூறு பேருக்குக் குடுத்துட்டீங்க.”

நெட்டையார் அழுதார். எப்படி அழுதார் என்பதை இங்கே எவரும் நடித்துக் காட்டப் போவதில்லை.

அடுத்த வாரம் நீங்கள் அந்தச் சீட்டை அவர் தேநீர்க் கோப்பையின் அடித்தட்டில் வைத்துவிட்டுப் போனீர்கள். அவரே எங்களைக் கூட்டி வைத்து எல்லாவற்றையும் சொன்னார். அன்றே ஒப்பனை அறைக் கதவில் உங்கள் சட்டங்களோடு இன்னொன்றும் ஏறியது: ‘கதையில் இருக்கிறவரைக் கேட்டாயா?’ பூசணியார் மாமியாருக்குத் தொலைபேசி போட்டு அனுமதி கேட்டார். அந்த அம்மாள் மறுக்கவில்லை. ஆனால் மொத்தம் எத்தனை கதை, எந்தெந்தத் தேதி என்று கேட்டு, முன்வரிசையில் நிரந்தர இடம் பிடித்து, தவறாகச் சொன்ன இடங்களை எழுந்து நின்று திருத்துகிறார். இப்போது அவருக்குத்தான் அதிகக் கைதட்டல்!

தன்னலம் தவிர்த்த தாயுள்ளமே! கூட்டம் இன்னும் நாற்காலிக்குச் சண்டை போடும்போதே விடைபெற வேண்டும் என்று நாள் குறித்து, சொன்ன நாளில் சொன்னபடி இறங்குகிறீர்கள். நீங்கள் நீடு வாழ வேண்டும். முழங்கால் வலியின்றி, மூக்குக்கண்ணாடி தொலையாமல், தங்கையோடு தினமும் வாய் ஓயாமல் பேசி வாழ வேண்டும்! வருகிற சனிக்கிழமை பிஸ்கட் டப்பாவைத் திறக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள். ஆனாலும் திறப்போம், எங்கள் அசட்டுக் கதையை முதலில் சொல்லிவிட்டு!

இனிமேல் சுவரில் இதைப் படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அவர்கள் இந்த விடைபெறும் மாலைப் பொழுதைப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்தக் கதையை மடலில் எழுதலாமா என்று நெட்டையாரின் மகளைக் கேட்டோம். இரண்டு நாள் யோசித்துவிட்டுப் பதில் சொன்னார்: “எழுதுங்க. ஆனா அப்பா வாசிக்கக் கூடாது. பூசணி மாமா வாசிக்கவே கூடாது. நான் வாசிக்கறேன்.” ஆகவே இம்மடலை முதல் வரியிலிருந்து இங்கே நின்று வாசித்துக்கொண்டிருப்பவர் அவர்தான். கடைசி வரிகளை நாங்கள் எழுதவில்லை. அவரே எழுதிச் சேர்த்தார்:

“அத்தை, அன்னைக்கு நீங்க அந்தச் சீட்டைத் திருப்பிப் பாத்துட்டு, ‘இதை எழுதினது இவர்தான்’னு கையைக் காட்டியிருந்தா, அரங்கமே எழுந்து நின்னு கைதட்டியிருக்கும். நீங்க காட்டலை. இன்னைக்கு நான் அப்பாகூட வீட்டுக்குப் போறேன்.”

என்றும் உங்கள் அன்பை மறவா,
நெட்டையாரின் மகள்,
அவர் கையெழுத்திட்ட பின், வரிசையில் நின்று கையெழுத்திடும்
நெட்டையார், பூசணியார், ஒலிபெருக்கிக்காரர், விளக்குக்காரர்
மற்றும் ‘சொந்தக் கதை, சும்மா யோசனை’க் குழுவினர் அனைவரும்.