குளத்துக்கு முதல் இடம்

ஈசனே, எல்லாம் அறிஞ்ச பெருமானே, இந்த நாக்குல இருந்து கடுஞ்சொல் ஒண்ணும் வந்துடாம நீதான் பாத்துக்கணும். இல்லம்மா, உன்னைச் சொல்லல. நீ என்ன பண்ணுவ, அனுப்பின இடத்துக்கு வந்திருக்க. காலையில பதிகம் வாசிச்சு முடிக்கறவரைக்கும் மனசு நல்லாத்தான் இருந்துச்சு. கம்பெனியில இருந்து ஒரு பொண்ணு வருது, அதுகிட்ட தன்மையாப் பேசணும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டுத்தான் கதவையே தொறந்தேன். நீ செருப்பைக்கூட இன்னும் சரியாக் கழட்டல, இந்த வருஷம் உங்களுக்குப் பிடிச்ச வீடியோ கேம் எதெது சார்னு சிரிச்சுக்கிட்டே கேட்ட பாரு, அங்கதான் எனக்குச் சுர்ருனு ஏறிச்சு.

அங்க உக்காராதம்மா, அங்க வேண்டாம். இந்தப் பக்கம் வா, இந்த நாற்காலி நல்லா இருக்கும். அது வேற ஆள் உக்கார்ற இடம். கைப்பிடியில விளையாட்டு ரிமோட்டைத் துணி போட்டுக் கட்டியிருக்கேன் பாரு, அவுந்துட்டா மறுபடியும் அந்தக் கோணத்துல கட்ட எனக்கு அரை நாள் ஆகும். சார் எல்லாம் வேண்டாம், பெரியப்பான்னு கூப்பிடு. என்னை ஒழுங்கா ஒருத்தர் கூப்பிட்டுக் கேட்டு நாளாச்சு.

நான் கேக்கறதுக்கு முதல்ல பதில் சொல்லு. அந்தக் குளத்து விளையாட்டு, மீன் பிடிக்கறது, அது உங்க கம்பெனியோடதுதானே? அதுல கூப்பிடற பொத்தானை எதுக்கு மாத்தினீங்க? எந்தப் புண்ணியவான் கேட்டான்? தெரியாதா. உன் வேலை கருத்து கேக்கறது மட்டும்தான். சரி. நான் எழுதிக் கேட்டப்பவும் இதே கதைதான். மிஷின் ஒண்ணு பதில் போட்டுச்சு, உங்கள் கருத்து எங்களுக்குப் பொக்கிஷம்னு. பொக்கிஷம்ங்கறதால பூட்டி வெச்சுட்டாங்க போல, அதுக்கப்புறம் மூச்சே இல்ல.

என்ன சொன்ன, திருப்பிச் சொல்லு. முதல் இடத்துக்கு மட்டும்தான் காரணம் எழுத இடம் இருக்கா? அந்தக் காரணத்தை மட்டும்தான் விளையாட்டு செய்யறவங்க உக்காந்து படிப்பாங்களா? மத்த இடமெல்லாம் வெறும் ஓட்டு எண்ணிக்கை. சரி சரி. அப்ப அந்த முதல் இடத்தை இப்போதைக்கு காலியா விடு. கீழே இருந்து வரேன்.

மூணாவது, துப்பறியற விளையாட்டு. ஒரு பெரிய வீடு, ஒரு கொலை, சமையல்காரன்ல இருந்து தோட்டக்காரன் வரைக்கும் எல்லாரும் பொய் சொல்வாங்க. கதை நல்ல கதைதான். எழுத்தைப் பாத்தியா நீ? எறும்பு வரிசை மாதிரி. நான் கண்ணாடிக் கடை வெச்சிருந்தவன்மா. இப்பத் தெரியுதா, இதுல தெரியுதா, முன்னதா பின்னதான்னு கேட்டுக் கேட்டே ஆயுசைக் கழிச்சவன். அப்பேர்ப்பட்டவன், கொலைகாரன் எழுதி வெச்சுட்டுப் போன சீட்டைப் படிக்க முடியாம பூதக்கண்ணாடியைத் தூக்கிக்கிட்டு டிவி முன்னாடி நிக்கறேன். துப்பறியறவர் கையில பூதக்கண்ணாடி இருக்கறது பொருத்தம்தானே மாமான்னு மாப்பிள்ளை நக்கல் பண்றார். அவர் பொழுது போகுது.

ரெண்டாவது பந்து விளையாட்டு. காதுல ஹெட்போனை மாட்டிக்கிட்டு முகம் தெரியாத நாலு பசங்களோட ஆடறது. குரலை வெச்சே வயசைக் கண்டுபிடிச்சுட்டானுங்க. என் பேரு அங்க பெருசு. பெருசு, பந்தை விடு. பெருசு, அது நம்ம கோல். ஒருநாள் தடுக்க வேண்டிய பந்தை விட்டுட்டு, சிவசிவான்னு சொல்லிட்டேன் போல. அதுக்கு ஒருத்தன் சொல்றான், பெருசு, மேல பாக்காத, பந்து கீழதான் வருதுன்னு. சிரிக்கறியா? நானும் சிரிச்சேன். மரியாதை கொஞ்சம் கம்மிதான், ஆனா தங்கமான பசங்க. நான் ரெண்டு நாள் வரலன்னா எங்க பெருசுன்னு தேடுவானுங்க. என்ன, பாதி ஆட்டத்துல நான் எழுந்து போயிடுவேன். மருந்து நேரம், சாப்பாட்டு நேரம்னு வந்துடும். என்னால அவனுங்க தோத்ததுதான் அதிகம்.

எனக்கு உள்ளபடி பிடிச்சது எதுன்னு கேட்டா, கோபுரம். கத்தி ஒண்ணைக் குடுத்து கீழ்ப்படியில விட்டுடுவான், ஒவ்வொரு தளமா ஏறணும். செத்தா மறுபடியும் கீழ்ப்படி. சேத்த ஆயுதம் போச்சு, போட்டிருந்த கவசம் போச்சு, கத்துக்கிட்டது மட்டும் கூட வரும். அதை யோசிச்சவன் ஏதோ படிச்சவன்மா. நான் தினம் வாசிக்கற பாட்டுல எல்லாம் பிறவி வேண்டாம், இனிமே பிறவியே வேண்டாம்னு கதறி அழுதிருக்காங்க பெரியவங்க. அதை வாசிச்சுட்டு, புத்தகத்தை மூடி வெச்சுட்டு, இங்க வந்து உக்காந்து பொத்தானை அழுத்தி அழுத்தி நான் பிறந்துக்கிட்டே இருக்கேன். அதுலயும் குறை இருக்கு. செத்த உடனே அந்த ராட்சசன் ஒரு சிரிப்பு சிரிப்பான். அதை நிறுத்த வழியே இல்ல, முழுசாக் கேட்டுத்தான் ஆகணும். செத்தவனைப் பாத்து சிரிக்கறது எந்த ஊரு நியாயம்?

இரு இரு, முதல் இடத்துல கோபுரத்தைப் போட்டுடாத. நான் இன்னும் சொல்லல. கையை எடு அதுல இருந்து.

குளத்தைப் பத்திச் சொல்றேன். அது ஒரு விளையாட்டாம்மா? நீயே மனசாட்சியோட சொல்லு. கதை கிடையாது, எதிரி கிடையாது, ஜெயிக்கறதும் தோக்கறதும் கிடையாது. ஒரு குளம், சுத்தி நாணல், ரெண்டு பொம்மை. தூண்டிலைப் போட்டுட்டுக் கல்லுப் பிள்ளையார் மாதிரி உக்காந்திருக்கணும். மீன் மாட்டினா அது ஒரு துள்ளு துள்ளும், பாத்துட்டு மறுபடியும் தண்ணியில விட்டுடணும். அப்புறம் என்னத்துக்குப் பிடிக்கறது? ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொன்னவங்க பரம்பரையில வந்தவன் நான், பிடிச்சதை அப்படியே திருப்பி விடுன்னா எனக்கு எப்படி இருக்கும்? அதுல உக்காந்து தூங்கியிருக்கேன். என் பொம்மை தண்ணிக்குள்ள விழுந்து கிடந்துச்சு.

ஆமா. அதிகமா ஓடினது அதுதான். உங்க கணக்குல அப்படித்தான் காட்டும், அதனாலதானே என்னைத் தேடி வந்திருக்கீங்க. அதுல பொய் இல்ல. காலையில போட்டா சாயங்காலம் வரைக்கும் ஓடும் இந்த வீட்டுல.

அந்தப் பொம்மைகளுக்குப் பேச்சு வராது. நாலே நாலு பொத்தான் இருந்துச்சு. ஒண்ணு சிரிக்க, ஒண்ணு கையாட்ட, ஒண்ணு உக்கார, ஒண்ணு கூப்பிட. கூப்பிடற பொத்தானை அழுத்தினா பொம்மை கையை வாய்ப் பக்கத்துல குவிச்சுக்கிட்டு, இங்க வான்னு ஒரு குரல் குடுக்கும். நல்ல குரலும்மா. யாரு பேசினதோ, அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும். குளம் முழுக்க கேக்கும். ஒத்தைப் பொத்தான், ஒரு அழுத்து, அவ்வளவுதான். அதைப் போய் மாத்தி வெச்சிருக்கீங்க. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, ரெண்டையும் ரெண்டு கையால ஒரே நேரத்துல அழுத்தினாத்தான் இனிமே கூப்பிட முடியும். அப்டேட்டோட வந்த குறிப்புல, தெரியாம கை பட்டுடுது, சின்னப் பசங்க சும்மா சும்மா அழுத்தறாங்க, மத்தவங்களுக்குத் தொல்லையா இருக்குன்னு எழுதியிருக்காங்க. எங்க குளத்துல மொத்தமே ரெண்டு பேரும்மா. அதுல யாருக்கு யார் தொல்லை?

செட்டிங்ஸ்ல மாத்தலாம்னு சொல்லாத. மாப்பிள்ளை அதுக்குள்ள தலைகீழா நின்னு பாத்துட்டார். தண்ணியோட நிறத்தை மாத்தலாம், தவளைச் சத்தத்தைக் கூட்டலாம் குறைக்கலாம், தொப்பிக்குப் பூ வெக்கலாம். இதை மட்டும் மாத்த முடியாது. பழசை வெச்சுக்கறேன், உங்க அப்டேட் எனக்கு வேண்டாம்னா, அப்ப விளையாட்டே தொறக்காதுங்கறான். வீட்டுக்குள்ள வந்து என் நாற்காலியை மாத்திப் போட்டுட்டு, பிடிக்கலன்னா வெளிய போங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு.

சொல்லு, என்ன யோசனை? பக்கத்துல இருக்கறவங்க இன்னொரு பொத்தானை அழுத்தி ஒத்தாசை பண்ணலாமேன்னு கேக்கற. நல்ல பொண்ணு, நல்ல எண்ணத்துலதான் கேக்கற. பக்கத்துல இருக்கறது நான்தாம்மா. என்னைக் கூப்பிடறதுக்கு நானே பொத்தானை அழுத்தணுமா?

அந்த நாற்காலி என் வீட்டுக்காரியோடது. போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோச்சு, கூடவே பேச்சும் போச்சு. மண்டைக்குள்ள எல்லாம் பத்திரமா இருக்காம், வாய்க்கு வர வழிதான் அடைஞ்சிருக்காம். இடது கை இருக்கு, அதுலயும் கட்டைவிரல்தான் சொன்னபடி கேக்குது. விரலுக்கு ஏதாவது வேலை குடுங்கன்னு வைத்தியர் சொல்லித்தான் மாப்பிள்ளை இந்த விளையாட்டுப் பெட்டியையே வாங்கிட்டு வந்தார். கோபுரம், பந்து எல்லாம் அவ அசந்து படுத்திருக்கறப்ப நான் கத்துக்கிட்ட கெட்ட பழக்கம்.

முதல் நாள் என்ன ஏதுன்னு தெரியாம அந்தப் பொத்தானை அழுத்திட்டா. இங்க வான்னு சத்தம். திடுக்குனு என்னைத் திரும்பிப் பாத்தா. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஏங்க, இங்க வாங்களேன்னுதாம்மா கூப்பிடுவா. அதுவும் மூணு தடவை கூப்பிடணும், நான் புத்தகத்துல இருந்து தலையைத் தூக்க. வா போன்னு ஒரு நாள் ஒரு பொழுது சொன்னதில்ல. புருஷனை வான்னு சொல்லிட்டோமேன்னு பாதி முகத்துல ஒரு பயம், அப்புறம் அதே பாதி முகத்துல ஒரு சிரிப்பு. மறுபடியும் அழுத்தினா. வா. மறுபடியும். வா, வா, வா. மக சமையக்கட்டுல இருந்து ஓடி வந்து, அம்மா, அப்பாவை நல்லா வாங்கும்மான்னு சொல்றா. வாங்கட்டும்னேன். நான் வேணும்னே என் பொம்மையை ஓட்டிக்கிட்டுப் போய் நாணலுக்குள்ள ஒளிஞ்சுக்குவேன். அவ கூப்பிடுவா. வர மாட்டேன். இன்னும் கூப்பிடுவா. அப்புறம் போவேன். வருஷம் முழுக்க எங்க வீட்டுல நடந்த பேச்சு வார்த்தை அதுதான்.

அழாதம்மா, நீ ஒண்ணும் பண்ணல. தண்ணியைக் குடி.

அப்டேட் வந்த அன்னைக்கும் அழுத்தினா. சத்தம் வரல. நான் போய்ப் பக்கத்துல நின்னேன். பொம்மையை நிறுத்தினேன், நானும் நின்னேன். அவ என்னைப் பாக்கவே இல்ல, டிவியைப் பாத்து அழுத்திக்கிட்டே இருந்தா. கூப்பிடாமலே போய் நிக்க எனக்குத் தெரியாதா? எந்நேரமும் அவ பக்கத்துலதானே நிக்கறேன். ஆனா அது நான் போறது. அவ கூப்பிட்டது இல்லையே. இப்ப ரெண்டு நாளா அந்த நாற்காலியில உக்கார மாட்டேங்கறா, கையைக் காட்டினா முகத்தைத் திருப்பிக்கறா. விரலை விட்டுட்டா அதுவும் போயிடும்னு வைத்தியர் சொல்லியிருக்கார். அதனாலதான் மக இன்னைக்கு வலுக்கட்டாயமாப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா.

கீழ வண்டிச் சத்தம் கேக்குதா? வந்துட்டாங்க. நான் போய்ப் பிடிச்சு இறக்கணும், மகளால தனியா முடியாது. சீக்கிரம் போடு. ரெண்டாவது கோபுரம், மூணாவது பந்து. துப்பறியறது விழுந்துட்டுப் போகட்டும், எழுத்தைப் பெருசாக்கினா அடுத்த வருஷம் பாத்துக்கலாம். முதல் இடம் குளம். பொய் சொல்றேனேன்னு பாக்காத. பிடிச்சதுன்னா என்ன அர்த்தம்னு நீ விளக்கம் சொல்லலையே. காரணம் எழுதற இடத்துல வேற கதை எதுவும் வேண்டாம், நான் சொல்றதை அப்படியே எழுது. ஒரு கையால, ஒரு விரலால கூப்பிட முடிஞ்சுது. அதைத் திருப்பிக் குடுங்க.

எழுதிட்டியா. படி. சரிதான்.

போயிட்டு வாம்மா. படியில பாத்து இறங்கு, நடுவுல ஒரு படி உயரம் கொஞ்சம் கூட. அவளைப் பாத்தா சும்மா ஒரு சிரிப்பு சிரிச்சுட்டுப் போ, அவளுக்குப் பிடிக்கும். ஆண்டவன் உனக்கும், நான் பேசினதைக் காது குடுத்துக் கேக்கற எல்லாருக்கும், வாய் நிறைய கூப்பிட ஒரு பேரையும், கூப்பிட்டா ஓடி வர ஒரு ஆளையும் கடைசிவரைக்கும் குடுக்கட்டும். நல்லா இரு.