ஊரடங்குச் சோறு

வத்தேகமையிலிருந்து கண்டிக்குப் போகும் காலை பஸ். எனக்கு முன் இருக்கையில், ஒரே கந்தோரில் வேலை பார்க்கும் இரண்டு பெண்கள்.

"ஊரடங்குன்னு பொய் சொன்னாத்தான் எங்கப்பா சாப்பிடுறாரு அக்கா," என்றாள் யன்னலோரம் இருந்த இளையவள்.

மூத்தவள் யாழ்ப்பாணத்துக்காரி. "என்ன பிள்ளை சொல்லுறீர்?"

"நான் சின்னப் பிள்ளையா இருக்கப்ப கலவரம் வந்து, ஊரடங்குல பக்கத்து சிங்கள வீட்டுல ஒளிஞ்சிருந்தோம். அடுத்த சோறு எப்பன்னு தெரியாது. கெடைக்கிறப்ப சாப்பிட்றணும்னு அப்பாதான் எங்களுக்கு ஊட்டுவாரு. இப்ப வயசாகி, எதைக் குடுத்தாலும் தட்டைத் தள்ளிடுறாரு. ஊரடங்குன்னா மட்டும் உக்காந்துடுவாரு."

"பாவமெல்லே, பயப்படுத்தியே சாப்பிட வைக்கிறீர்?"

"பயம் எங்க? பாதிய எனக்குத் தள்ளுவாரு. 'நீயும் சாப்பிட்டுக்கம்மா, நாளைக்கு இருக்குமோ என்னமோ'ம்பாரு. நான் சாப்பிடலன்னா அவரும் கையக் கழுவிடுவாரு. அதான் இப்படி ஊதிப்போயிருக்கேன்."

இருவரும் சிரித்தார்கள்.

"போன கிழமை உண்மையாவே ஊரடங்கு போட்டவங்களெல்லே. அண்டைக்கு நல்லாச் சாப்பிட்டிருப்பாரே?"

இளையவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு ஊரடங்குன்னு சொல்ல வாய் வரல, கந்தோர் லீவுன்னு சொல்லிட்டேன் அக்கா. ரெண்டு பேருமே சாப்பிடல."