முப்பது பர்சென்ட்

வேளச்சேரியிலிருந்து வரும் பறக்கும் ரயிலில், எனக்கு எதிரே இரண்டு நண்பர்கள். ஒருவர் மடியில் எண்ணெயில் ஓடும் ரிமோட் ரேஸ் கார். கருகின எண்ணெய் வாடை.

"நான் நைட்ரோ மாத்துனா நீ ஏன்டா மாத்துறே?" என்று மற்றவர் கேட்டதும்தான் செல்போனிலிருந்து நிமிர்ந்தேன்.

"இத்தினி நாளா ரெண்டு பேரும் இருபது பர்சென்ட் நைட்ரோ கலந்த எண்ணெய்தானே ஊத்திக்கினு இருந்தோம்? நீ மட்டும் சொல்லாம கொள்ளாம முப்பதுக்குப் போயிட்டே. உன் வண்டி பறக்குது. என் பொண்ணே உனக்குக் கை தட்டுது" என்றார் கார்க்காரர்.

"சரி, முப்பது ஊத்துனியே, கார்புரேட்டர்ல எண்ணெய் வுடுற நீடில கொஞ்சம் தொறந்து வுட்டியா?"

"இல்ல."

"நைட்ரோ ஏறுனா என்ஜின் அதிகமா குடிக்கும்டா. குடுக்கலன்னா சூடாயி ஜாமாயிடும்."

கார்க்காரர் என்ஜின் சக்கரத்தை விரலால் சுழற்றிப் பார்த்தார். அசையவில்லை.

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே மச்சி."

மந்தைவெளி வந்தது. இறங்க எழுந்தபோது கார்க்காரர் சொன்னார்:

"உன்னாண்ட கேட்டு ஜெயிச்சிருந்தா, சொல்லிக்குடுத்த அங்கிள்னு அதுக்கும் என் பொண்ணு உனக்குத்தான்டா கை தட்டியிருக்கும்."