சுட்டுப் பார்க்க நாலு தோட்டா

ஹபீபா, மாசிக் கருவாட்டுத் துண்டுகளை உன் துணிப்பெட்டியில் வைக்கவில்லை. தனி டப்பாவில் போட்டு, வாயைத் துணியால் இறுகக் கட்டி, உன் தம்பி கமாலின் பையில் வைத்திருக்கிறேன். இந்த மலாய்த் தீவிலிருந்து நாகப்பட்டினம் போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் சேலையெல்லாம் நாறிவிடும். கமால் கப்பலிலேயே கையை விட்டுத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள். அவனுக்கு வயிறு ஒன்றுதான் நினைவில் இருக்கும்.

இந்தக் கடிதத்தை நீ இத்தாவில் உடுத்தியிருந்த வெள்ளைச் சேலையின் மடிப்புக்குள் வைக்கிறேன். ஊர் போய்த்தான் அதைப் பிரிப்பாய். ஓதப் போன காலத்தில் உனக்கும் எனக்கும் கற்றுக்கொடுத்த அரபுத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். தமிழை அரபு எழுத்தில் எழுதினால், இங்கிலீஷ் பள்ளியில் படித்த கமாலுக்கு ஒன்றும் விளங்காது. நீ படித்தால் போதும்.

நேரில் சொல்லியிருக்கலாம். நாலு மாதமும் பத்து நாளும் அந்த அறையில் நீ துக்கம் காத்து இத்தா இருந்தபோது மூன்று வேளையும் சோறு கொண்டுவந்தவள் நான்தான். எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்தது. அப்போதெல்லாம் நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "மதினி, நீங்க இல்லன்னா நான் பைத்தியமாப் போயிருப்பேன்" என்பாய். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து வந்துவிடுவேன்.

வாப்பாவின் ரைபிளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். நீ மருமகளாக வந்த நாளிலிருந்தே உனக்கு அதைக் கண்டால் ஆகாது. கூடத்துச் சுவரில் அது மாட்டியிருந்த பக்கம் திரும்பாமல் சுற்றிக்கொண்டு போவாய். உன்னைக் குறை சொல்லவில்லை. கரும்புத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது வாப்பாவின் தகப்பனாருக்குக் கொடுத்துவிட்டுப் போன துப்பாக்கி அது. இரட்டைக் குழல், இரண்டு குதிரை, அடிக்கட்டையில் வெள்ளித் தகடு. வாப்பா சூலியா தெருவில் கப்பல் கயிறும் பாய்த்துணியும் விற்றார் என்றாலும், ஊர் அவரை வியாபாரியாக நினைத்ததில்லை. மான்வேட்டை முகம்மது சுல்தான் என்றால்தான் தெரியும். மாதம் ஒருமுறை படகேறி அக்கரைக்குப் போவார். ஜுருவுக்கு அப்பால் காட்டில் இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு இறைச்சியோடு வருவார்.

உனக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. அந்த ரைபிளுக்கான தோட்டா எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்த மாதிரித் துப்பாக்கி செய்வதையே சீமையில் நிறுத்திவிட்டார்கள். சுட்ட பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து, வீட்டில்தான் மறுபடி நிரப்ப வேண்டும். பின்பக்கம் பொறி தரும் கேப்பு, உள்ளே கரிமருந்து, மேலே அட்டை வட்டு, அதற்கு மேல் ஈயக் குண்டு. என்னைக் கட்டியவர் ரங்கூனிலிருந்து தலாக் சொல்லிக் கடிதம் போட்ட வருஷம், நான் சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தேன். ஒரு நாள் வாப்பா கூடுகளை என் முன்னால் கொட்டி, "கண்ணு சரியாத் தெரியல, இத நிரப்பித் தா மஹ்பூபா" என்றார். அன்றைக்குத் தொடங்கிப் பதினெட்டு வருஷம் அவர் சுட்ட ஒவ்வொரு குண்டும் நான் நிரப்பியது. ஒன்றுகூடச் சதி செய்ததில்லை. மான் விழுந்தது என்று ஊரார் வாப்பாவைப் புகழ்வார்கள். அவர் திரைக்குப் பின்னால் நிற்கும் என்னைப் பார்த்துச் சிரிப்பார். எனக்கு வாழ்க்கையில் கிடைத்தது அந்தச் சிரிப்புத்தான். அதை வைத்துக்கொண்டு நான் சந்தோஷமாகவே இருந்தேன்.

ரஜப் மாதம் வாப்பா மௌத்தானார். நாற்பது கழிவதற்குள் போலீஸ் மாத்தா ஒருவன் வந்து, லைசென்ஸ் செத்தவர் பேரில் இருக்கிறது, ஒன்று வேறு ஆள் பேருக்கு மாற்றுங்கள் அல்லது விற்றுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். உன் புருஷன், என் தம்பி காஜா மொய்தீன் அப்போது என்னிடம் என்ன சொன்னான் தெரியுமா? "லாத்தா, என் பேர்ல எழுதிக்கிறேன் லா. வாப்பா சாமான் வீட்டவிட்டுப் போகாது." கேட்காமலே சொன்னான். நான் அதை நம்பினேன்.

பிறகு நோன்பு வந்தது. நோன்பு முழுக்க அவன் மனம் ஊசலாடியதைப் பார்த்தேன். காலையில் வைத்துக்கொள்வோம் என்பான். நோன்பு திறக்கும்போது, கடையில் யாரோ விலை கேட்டார்கள் என்பான். பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"லாத்தா, வித்துரலாம்னு இருக்கேன். ஹபீபாவுக்கு அது இருக்குற வீட்டுல மனசு நிம்மதியில்ல. மூணு வருஷமாப் புள்ள தங்கல. இதுதான் காரணமோன்னு பயப்படுறா. எனக்கும் சுடத் தெரியாது. வச்சிக்கிட்டு என்ன செய்யப் போறோம்?"

நான் அவனோடு சண்டை போடவில்லை. என் பேரில் லைசென்ஸ் எழுதிக் கேட்டுப் பாரேன் என்றுதான் சொன்னேன். அவன் சிரித்தான். "லைசென்ஸ் எழுதுற கிராணி என்னப் புடிச்சு வெளிய தள்ளிருவான் லாத்தா. பொம்பளைக்கு எதுக்கு ரைபிளு?" கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. அவனுக்குக் கெட்ட எண்ணமே வராது. உம்மா போனபோது அவனுக்கு இரண்டு வயது, எனக்குப் பத்து. என் இடுப்பு காய்த்துப் போகும்வரை தூக்கிச் சுமந்த பிள்ளை. அவனுக்கு என்ன வருமென்று எனக்குத் தெரியாதா.

வாங்க வருகிறவர் நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்துத் துரை என்றான். பழைய துப்பாக்கிகளைச் சேர்த்து வைக்கிறவராம். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வருவார், கொல்லையில் சுட்டுப் பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வார். வியாழக்கிழமை மத்தியானம் கடைக்குப் போகும்போது வாசலில் நின்று, "சுட்டுப் பாக்க நாலு தோட்டா போட்டு வைங்க லாத்தா. அது ஒங்களுக்குத்தான் தெரியும்" என்றான். பதினெட்டு வருஷத்தில் அவன் வாயிலிருந்து அதைக் கேட்டது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ அப்போது கொல்லையில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தாய்.

வாப்பாவின் மரப்பெட்டியில் கரிமருந்து பாதி டப்பா இருந்தது. அதற்கு அடியில் சிவப்புத் துணி சுற்றிய இன்னொரு டப்பாவும் இருந்தது. புகை வராத புது மருந்து. யாரோ தோட்டத்து நண்பர் அன்பளிப்பாகக் கொடுத்தது. வாப்பா அதைத் திறந்ததே இல்லை. துணியைச் சுற்றும்போது என்னிடம் சொல்லியிருந்தார்: "இது புதுத் துப்பாக்கிக்குள்ளது. நம்ம கரிமருந்து அளவுக்கு இதப் போட்டா இந்தக் கெழட்டுக் குழலு தாங்காது. சுடுறவன் மொகத்துலதான் வெடிக்கும்." புக்கிட் மெர்தாஜாமில் ஒருவருக்கு அப்படி ஆனதையும் சொன்னார். துப்பாக்கியில் பாதியும் ஆளில் பாதியும்தான் மிஞ்சினவாம்.

நான் சிவப்புத் துணியை அவிழ்த்தேன். மஞ்சளும் சாம்பலும் கலந்த நிறத்தில், நொறுங்கிய சருகு மாதிரி இருந்தது. வாப்பாவின் கொம்பு அளவியால் வழக்கமாகப் போடும் அளவு போட்டேன். அட்டை வட்டை அமுக்கினேன். குண்டின் மேல் தேன்மெழுகு தடவினேன். வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது. ஒரு தோட்டாவில் மட்டும் போட்டால், எது முதலில் குழலுக்குள் போகுமென்று சொல்ல முடியாது. அதனால் நாலிலும் போட்டேன்.

ரைபிள் கெட்டுப்போனால் விற்பனை நின்றுவிடும், அது நம் வீட்டிலேயே இருந்துவிடும் என்பதுதான் என் எண்ணம். சுடப்போகிறவர் துரை. அவர் முகமறியாத ஆள். எனக்கு அவர் மேல் கோபமும் இல்லை, பிரியமும் இல்லை. இப்போது எழுத்தில் பார்த்தால் மோசமாகத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு நியாயமாகத்தான் பட்டது. நாலு தோட்டாவையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து கூடத்து மேசையில் வைத்துவிட்டு, அஸர் தொழப் போனேன்.

வெள்ளிக்கிழமை உனக்குத் தலைவலி, உள்ளே படுத்திருந்தாய். நான் கொல்லைப்பக்க ஜன்னலில் திரைக்குப் பின்னால் நின்றேன். நம் கொல்லைக்குப் பின்னால் மலைச்சரிவில் மண் வெட்டிய இடம் இருக்கிறதே, அதற்கு எதிரில் இருவரும் நின்றார்கள். துரை ரைபிளைத் தூக்கிப் பார்த்தார், குழலுக்குள் பார்த்தார், வெள்ளித் தகட்டைத் தடவினார். பிறகு அதைக் காஜாவின் கையிலேயே திருப்பிக் கொடுத்து, மலாயில் நீ முதலில் சுடு என்றார். அவர் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

காஜாவுக்குக் குதிரையை இழுக்கக்கூட வரவில்லை. இரண்டு தடவை கட்டைவிரல் வழுக்கியது. ஜன்னல் பக்கம் திரும்பி, நான் அங்கே இருப்பேன் என்று தெரிந்துதான், "லாத்தா, வாப்பா பாத்தா சிரிப்பாங்க லா" என்று சத்தமாகச் சொன்னான். சின்ன வயசில் சைக்கிள் பழகும்போது சிரித்த அதே சிரிப்பு. அதற்குப் பிறகு அவன் அடிக்கட்டையைத் தோளில் வைத்து, கன்னத்தை ஒட்டி, குறி பார்த்தான். நான் ஏழு மூச்சு விடும் நேரம் இருந்தது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

நான் குரல் கொடுக்கவில்லை. கொல்லையில் அந்நிய ஆண் நின்றுகொண்டிருந்தார். அந்நியர் காதில் விழும்படி சத்தம் போடக்கூடாது என்று வளர்ந்தவள் நான். இந்த நாலு மாதமும் ஒவ்வொரு தொழுகையிலும் அல்லாஹ்விடம் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவன் முகத்தை உனக்குக் காட்டக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தவள் நான்தான். நீ அதற்காக என்னை எவ்வளவு திட்டினாய். திட்டினாலும் நல்லதுதான் செய்தேன், ஹபீபா. நான் பார்த்தேன். குளிப்பாட்டியவர்கள் கைவிட்ட இடத்தில் நானே பஞ்சு வைத்துச் சரிசெய்தேன். அந்த முகத்துக்கு இரண்டு வயதில் சோறு ஊட்டியிருக்கிறேன். இப்போது சோற்றில் கை வைக்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் வருகிறது. அழக்கூட வருவதில்லை.

விசாரணையில் துரை சொன்னார், துப்பாக்கி மிகப் பழையது, இரும்பு தேய்ந்திருக்கும் என்று. மாஜிஸ்திரேட்டும் அதையே எழுதினார். தோட்டா யார் நிரப்பியது என்று ஒரு கேள்வி வந்தது. இறந்துபோன முகம்மது சுல்தான் நிரப்பி வைத்ததாக இருக்கும் என்று பதில் சொன்னார்கள். பெண்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

எழுதியதை இப்போது முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். துரை சுடுவார் என்று நினைத்ததாக எழுதியிருக்கிறேன். அது சரியில்லை. வாப்பா எத்தனையோ துப்பாக்கி வாங்கியிருக்கிறார், விற்றிருக்கிறார். எல்லாம் அந்தக் கொல்லையில்தான் நடந்தது. எல்லாவற்றையும் அந்த ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். பழைய துப்பாக்கியை வாங்குகிறவன் முதல் குண்டை விற்கிறவன் கையால்தான் சுடச் சொல்வான். தன் முகத்தை யாரும் பந்தயம் வைப்பதில்லை. வியாழக்கிழமை நாலாவது தோட்டாவில் மருந்து போடும்போதும் எனக்கு அது தெரியும். அந்நிய ஆள், குரல் என்று எழுதியதும் அப்படித்தான். அன்று காலையில் அதே ஜன்னலில் நின்று கொல்லைப்பக்கம் வந்த மீன்காரனோடு தெரு கேட்கும்படி பேரம் பேசினேன்.

உன் புருஷனைக் கொன்றவள் நான், ஹபீபா. வேண்டுமென்றுதான் செய்தேன். அவன் மேல் வைத்திருந்த பிரியம் பொய்யில்லை. இரண்டும் ஒரு மனசில் எப்படி இருந்தன என்று கேட்டால் எனக்கே தெரியாது. நீ மன்னிப்பாய் என்று எழுதவில்லை. சுமக்க முடியாமல் எழுதினேன்.

உனக்கு விருப்பமானால் இதைக் கமாலுக்குப் படித்துச் சொல்லு, போலீசுக்கு எழுது. நான் மறுக்க மாட்டேன், ஓடவும் மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு விஷயத்தை யோசித்துப் பார். வெடித்த ரைபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று ஸ்டேஷனில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு குழல் பிளந்துவிட்டது. மற்றது நன்றாகவே இருக்கிறது. வெள்ளித் தகட்டில் கீறல்கூட இல்லை. இனி யாரும் விலை கேட்டு வரமாட்டார்கள். வெள்ளிக்கிழமைதோறும் துடைத்து எண்ணெய் போட்டு, என் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். என்னைக் கொண்டுபோய்விட்டால், அதைப் பார்த்துக்கொள்ள இந்த வீட்டில் வேறு ஆள் இல்லை.