மாப்பிள்ளை போய்வரும் வழி

மேடையில் அமர்ந்திருக்கும் மூன்று நாட்டு வன அதிகாரிகளுக்கும், முன்வரிசையில் இருக்கும், மறைந்த நம் இயக்குநர் அம்மாவின் குடும்பத்தாருக்கும், சீருடையோடு காட்டிலிருந்து நேராக ஓடிவந்திருக்கும் காவலர் அண்ணன்மாருக்கும் என் வணக்கம்.

எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. எழுதி வைத்துத்தான் படிக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்ட என்னை, காட்டுக் கேமராக்களின் படங்களைப் பிரிக்கும் வேலைக்குச் சேர்த்தவர் நம் இயக்குநர் அம்மா. வாயே திறக்காத என்னிடம் திங்கட்கிழமை போனையும் கொடுத்தாரே! அந்தத் துணிச்சல் வேறு யாருக்கு வரும்?

திங்கட்கிழமைதோறும் நாட்டு எல்லைக்கு அப்பால் இருக்கும் வன அலுவலகங்களோடு போனில் பேசுவோம். முதலில் வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். பிறகுதான் விலங்குகளைப் பற்றி. இது அம்மா வைத்த வழக்கம்.

இந்த வழக்கம் எப்படி வந்தது? நான் சேர்வதற்கு முன் நடந்த கதை. டிரைவர் அண்ணன் சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். கிழிகாதன் என்று நாம் கூப்பிடும் ஆண் யானை ஒரு கோடை முழுக்க எந்தக் கேமராவிலும் விழவில்லை. செத்துவிட்டான் என்றே முடிவுகட்டி, படத்தைச் சுவரில் மாட்டி அழுதார்களாம். அதுவரை கடிதத்தில் மட்டுமே தெரிந்த அடுத்த நாட்டு அதிகாரிக்கு அம்மா போன் செய்து துக்கம் சொன்னார்.

"எந்த யானைம்மா? இடது காது கிழிஞ்சு தொங்குமே, அதுவா?"

"அதேதான் சார்."

"அட, அழாதீங்க! எங்க தண்ணித்தொட்டிய உடைச்சுட்டு இங்கதான் நிக்குது. நாங்க மாப்பிள்ளைன்னு கூப்பிடுவோம். சொல்லாம வர்றது, நல்லா சாப்பிடுறது, கோவிச்சுக்கிட்டுப் போறது!"

"எங்க பிள்ளை உங்களுக்கு மாப்பிள்ளைன்னா நாம சம்பந்தி ஆயிட்டோமே! வீட்ல எல்லாரும் சௌக்கியமா சம்பந்தி?"

அந்தச் சம்பந்தி ஐயா இதோ மேடையில் இருக்கிறார். அன்றைய பேச்சிலிருந்துதானே இரண்டு நாடுகளும் படங்களைப் பகிர்ந்துகொள்ளத் தொடங்கின? கிழிகாதன் மிதித்துச் சாய்த்த இடத்தில்தானே எல்லை வேலி விலகி யானைகள் போய்வர வழி திறந்தது? அதைப் பார்த்துத்தானே மூன்றாவது நாடும் சேர்ந்தது? அரசுகள் மனம் கசந்து கடிதங்கள் நின்றுபோன ஆண்டிலும் திங்கட்கிழமை போன் நிற்கவில்லையே!

இன்று அம்மா இல்லை. இனி யார் பொறுப்பு, வழியை மூடிவிடலாமா என்று பேச்சு எழுந்திருக்கிறது.

அம்மா மறைந்த பிறகு வந்த திங்கட்கிழமை போன் அடித்தது. அறையில் எல்லாரும் இருந்தோம். யாருக்கும் அதை எடுக்க மனம் வரவில்லை. நான் எடுத்தேன். செய்தி தெரிந்திருந்தும் சம்பந்தி ஐயா வழக்கப்படியே கேட்டார்.

"வீட்ல எப்படி இருக்காங்கம்மா?"

"யாரும் சரியா சாப்பிடல ஐயா."

"இங்கயும்தான்." பிறகு, "மாப்பிள்ளை வேலிகிட்ட நிக்கிறான். அங்கதான் வருவான், பாத்துக்கோ" என்றார்.

பெரியவர்களே, அவன் வந்துவிட்டான்! நேற்றைய படத்தில் நம் பக்கத்து மண்ணைத்தான் முதுகில் வாரிப் போட்டுக்கொண்டு நிற்கிறான். இப்போது வழியை அடைத்தால் அவன் எப்படித் திரும்பிப் போவான்?

அம்மா, எனக்கு வேலை கொடுத்தீர்கள். பேச ஒரு காரணமும் கொடுத்தீர்கள். நன்றி அம்மா, நன்றி.

வழி உங்கள் கையில் இருக்கிறது, அதிகாரிகளே. போன் என் கையில் இருக்கிறது. அதை ஒரு வாரமும் ஓய விடமாட்டேன். சம்பந்தி ஐயா, வருகிற திங்கட்கிழமையும் முதலில் உங்கள் வீட்டைப் பற்றித்தான் கேட்பேன். பிறகு, மாப்பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்தானா என்று கேட்பேன்.

வந்துவிட்டான் என்று நீங்கள் சொல்ல வேண்டும்.