கடைசி ஒன்பது பக்கம்

எனக்குப் பேய் பயம் கிடையாது. கரப்பான் பூச்சி என்றால்தான் கை கால் உதறும். பேய்க் கதை படிக்கிறவள் என்றதும் நீங்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள். அதனால்தான் இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் அவசர அழைப்பு எடுப்பவள். எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார், என் மேசையில் மணி அடிக்கும். பதினொரு வருஷமாக ஒரே வாக்கியம்: "பயப்படாதீங்க, ஆள் வந்துட்டே இருக்காங்க." பிறகு மெக்கானிக்கை அனுப்ப வேண்டும். அவர் போய்ச் சேரும்வரை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அழைத்துப் பேச்சுக் கொடுக்க வேண்டும். திட்டுவார்கள், அழுவார்கள், என்னைப் பெற்றவளையும் இழுப்பார்கள். கதவு திறந்த பிறகு ஒருவர்கூட நன்றி சொன்னதில்லை. வீட்டுக்குப் போனால் இரட்டைப் பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் கத்தும்.

பேய்க் கதைதான் என்னைக் காப்பாற்றியது. "நாள் முழுக்க அலறலைக் கேட்டுட்டு வந்து மறுபடி அலறலையே படிக்கிறியே, உனக்கு அலுக்கலையா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். அவருக்கு எப்படிப் புரியவைப்பது? கதைக்குள் ஒருத்தி அலறினால் நான் ஆள் அனுப்ப வேண்டியதில்லை. அவள் பாட்டுக்கு அலறுவாள், நான் பாட்டுக்குப் பக்கத்தைத் திருப்புவேன். சாப்பாட்டு வேளையில் இருபது பக்கம் படித்தால் போதும், தோளில் இறுகியிருந்ததெல்லாம் இளகிவிடும்.

அதிலும் மண்ணைப் போட்டவர் எங்கள் மேலாளர். மோசமானவர் இல்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் மறுபேச்சில்லாமல் லீவு கொடுப்பார். அவருக்கு ஒரே ஒரு விளையாட்டு: என் மேசையிலிருந்து புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் படித்து, எல்லார் முன்னாலும் முடிவைச் சொல்லிவிடுவார். "கொன்னது அந்த அத்தைதாம்மா. இனி நிம்மதியா வேலையைப் பாரு." எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன். பத்தொன்பது புத்தகம், ஐயா. பத்தொன்பதுக்கும் சிரித்தேன். அட்டை போட்டு மறைத்தேன், இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன், வேண்டாம் சார் என்று வாய்விட்டுக் கேட்டேன். "இதுக்குப் போயா முகத்தைத் தூக்கி வச்சுக்குற?" என்றார். எரிச்சல் எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமை அரை நாள். மதியத்துக்கு மேல் கட்டடத்தில் நானும் அவரும்தான், ஆறாவது மாடியில். தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்பினால் புத்தகம் அவர் கையில். எனக்கு இன்னும் ஒன்பது பக்கம் பாக்கி. "கீழ போய் காபி குடிச்சுட்டே முடிச்சுடறேன், வந்து சொல்றேன்" என்று லிஃப்ட்டுக்குள் போனார். அவருக்கு மூச்சுத்திணறல் உண்டு. போனும் இன்ஹேலரும் அவர் மேசையிலேயே கிடந்தன.

எங்கள் கட்டட லிஃப்ட் சரியில்லை என்று மூன்று மாதமாக நானே எழுதிக் கொடுத்திருந்தேன். "நம்ம லிஃப்ட்தானே, எங்க ஓடிடப் போகுது" என்று அவர்தான் தள்ளிப் போட்டார். விளக்குக்கு அடியில்தான் இருட்டு. லிஃப்ட் மூன்றாவது மாடிக்கும் நான்காவது மாடிக்கும் நடுவில் நின்றது. நிறுத்தியது நான் இல்லை. அதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

மணி அடித்தது. எடுத்தேன்.

"நான்தாம்மா. மெக்கானிக்கை வரச் சொல்லு."

"பயப்படாதீங்க சார், ஆள் வந்துட்டே இருக்காங்க" என்றேன். வாய்ப் பழக்கம். கை மட்டும் மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. பேச்சுக் கொடுக்க வேண்டுமே, அதனால் கேட்டேன். "புத்தகம் கையிலதானே இருக்கு? நான் மடிச்சு வச்ச இடத்துலேருந்து வாசிங்க சார். நேரம் போகும்."

சிரித்துக்கொண்டே வாசித்தார். நன்றாகவே வாசித்தார். மூன்றாவது பக்கத்தில், ஆள் எங்கே என்று கேட்டார். கிளம்பிவிட்டார் என்றேன். நான்காவது பக்கத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது. உள்ளே ஃபேன் ஓடவில்லை. அதுவும் நான் எழுதிக் கொடுத்ததில் இருந்தது. "மேசைல இன்ஹேலர் இருக்கும்மா, மெக்கானிக்கிட்ட குடுத்தனுப்பு" என்றார். எடுத்து வந்து என் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

ஐந்தாவது பக்கத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. "நீ ஆளே அனுப்பலையா?"

"முடிச்சுடுங்க சார், உடனே அனுப்பிடறேன்."

மெக்கானிக் இரண்டு தெரு தள்ளி, ஷெட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தார். சொல்லியிருந்தால் பத்து நிமிஷத்தில் வந்திருப்பார்.

அதற்கப்புறம் அவர் வாசித்ததுதான் வாசிப்பு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு இழுப்பு. கதையில் கிணற்றுக்குள் மாட்டிக்கொண்ட பெண் எங்கே கெஞ்சுகிறாள், இவர் எங்கே கெஞ்சுகிறார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தோள் இளகியது. பதினொரு வருஷத்தில் அப்படி இளகியதே இல்லை.

எட்டாவது பக்கத்தின் நடுவில் நிறுத்திவிட்டார். விதிப்படி ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அழைத்தேன். ஏழு தடவை. பதில் இல்லை. பிறகுதான் மெக்கானிக்குக்குச் சொன்னேன்.

ஆமாம், அவர் செத்தது என்னால்தான். மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லாம் தெரிந்தேதான் உட்கார்ந்திருந்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனாலும் நியாயம் என்று ஒன்று இருக்கிறது, ஐயா. முடித்ததும் அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் வாக்குத் தவறுகிறவள் இல்லை. பாதியில் விட்டது அவர்தான்.

அந்தப் புத்தகம் உங்கள் மேசையில் உறைக்குள் இருக்கிறது. ஒன்றரைப் பக்கம்தான் பாக்கி. படித்துவிட்டுத் தந்துவிடுகிறேன். நீங்கள் ஏற்கெனவே படித்திருந்தால், தயவுசெய்து முடிவைச் சொல்லிவிடாதீர்கள்.