வல்லுநர் வந்தால் தென்றலுக்கு லீவு

அவைக்குத் தலைமை ஏற்று, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட வார்டு உறுப்பினர் பழமலைநாதன் அவர்களே! பந்தல் முதல் பாயசம் வரை ஓடியாடிப் பார்த்த தலைமையாசிரியர் சக்கரபாணி அவர்களே! பின்தங்கிக் கிடந்த நம் பள்ளியைக் கைதூக்கி விட வந்து, இன்று சென்னைக்குத் திரும்பும் கல்வி வல்லுநர் குழுவின் தலைவி மதிவதனி அவர்களே! ஊர்ப் பெரியவர்களே! சூளை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலி கிடைக்காமல் வெயிலில் நிற்கும் தகப்பன்மார்களே! பெரியநாயகியின் வணக்கம்!

பீங்கான் பொம்மைப் பட்டறை வைத்திருக்கும் என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாக்கியது நீங்கள். இன்று என் கையில் ஒரு பொன்னாடையைக் கொடுத்து, "நாலு வார்த்தை பாராட்டிப் பேசி, மேடத்துக்குப் போர்த்தி வுடுங்க" என்றார் தலைமையாசிரியர். பாராட்டத்தான் ஏறினேன். ஏறிய பிறகு வாய் வரவில்லை. வயிறுதான் எரிகிறது!

சற்று முன் மதிவதனி அம்மா இதே மைக்கில் என்ன சொன்னார்? "ஏழாம் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் தமிழைத் தடையில்லாமல் வாசிக்கிறார்கள். இனி இந்தப் பள்ளிக்கு எங்கள் உதவி தேவைப்படாது." நீங்கள் கைதட்டினீர்கள். எதற்குத் தட்டினீர்கள்? எல்லாப் பிள்ளைகளுமா? உங்கள் வீட்டுப் பிள்ளையுமா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்!

போன வாரம் இந்தக் குழு கடைசியாக வந்து வாசிப்புச் சோதனை நடத்திய அன்று, என் பட்டறையில் வைக்கோல் குவியல் மேல் ஒரு பிள்ளை உட்கார்ந்திருந்தது. என்னிடம் வேலை பார்க்கும் வீராயியின் மகள் தென்றல். ஏழாம் வகுப்பு. "ஏண்டி, ஸ்கூலு இல்லியா?" என்றேன்.

"சென்னைக்காரங்க வந்திருக்காங்கக்கா. படிக்கத் தெரியாதவங்க இன்னிக்கு வர வேணாம்னு வாத்தியாருங்க சொல்லிட்டாங்க. அவங்க வந்தாலே எனக்கு லீவுதான். அடிக்கடி வரட்டும்க்கா!"

சிரிக்கிறீர்களா? நானும் சிரித்தேன். பிறகுதான் பகீர் என்றது. யாருக்காக வந்தார்களோ, அவளுக்கே லீவு! யாரைக் கைதூக்க வந்தார்களோ, அவளே கண்ணில் படவில்லை! வீராயியிடம் கேட்டேன். "நம்ம புள்ளையால ஸ்கூலு பேரு கெட வாணாம்க்கா. நாந்தான் அழைச்சுக்கிட்டு வந்துட்டேன்" என்றாள், ஏதோ தான் தப்பு செய்தது போல.

இந்தப் புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது? சொல்லட்டுமா? நம் பட்டறையிலிருந்துதான் வந்தது! வியாபாரி வருகிறார் என்றால் என்ன செய்வோம்? பளபளக்கும் பொம்மையை முன்னால் அடுக்குவோம். விரிசல் விட்டதைப் பின்கட்டில் தள்ளிச் சாக்குப் போட்டு மூடுவோம். பிள்ளைகளையும் அப்படியே அடுக்கிவிட்டோம்! ஐயா, வந்தவர்கள் வியாபாரிகளா? வைத்தியர்களல்லவா? நோயாளியை ஒளித்துவிட்டு, நோயே இல்லை என்று சர்டிபிகேட் வாங்குகிற ஊர் உலகத்தில் வேறு எங்காவது உண்டா?

அங்கே யாரது, "வாத்தியாருங்கள கேளுங்க" என்று குரல் கொடுப்பது? கேட்டேன் தம்பி. தலைமையாசிரியரிடம் நேரில் போய்க் கேட்டேன். "விழா முடியட்டும்மா, பார்த்துக்கலாம்" என்றார். விழா முடிந்தால் இவர்கள் வண்டி ஏறிவிடுவார்கள். அப்புறம் யாரைப் பார்ப்பது?

வல்லுநர்களே, உங்களையும் விடுவதாக இல்லை. உங்களுக்கு முன்னால் வந்த குழு பெஞ்சை வட்டமாகப் போடச் சொன்னது. நீங்கள் வந்து வரிசையாகப் போடச் சொன்னீர்கள். பெஞ்சு நகர்ந்தது, பிள்ளை நகரவில்லையே! வருகிற தேதியை முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவீர்கள். வகுப்பில் பாதி இடம் காலியாக இருக்கும். "இந்த இடத்துப் பிள்ளை எங்கே?" என்று ஒருநாளாவது கேட்டீர்களா? அந்த ஒரு கேள்வி போதுமே! அதைக் கேட்க வல்லுநராக வேண்டுமா?

துண்டுச் சீட்டு வந்திருக்கிறது. "சுருக்கமாக முடிக்கவும்." முடிக்கிறேன் தலைவர் அவர்களே. தென்றலின் படிப்பை இந்த ஊர் முடித்து வைப்பதற்கு முன்னால் என் பேச்சை முடிக்கிறேன்!

வீராயி! பந்தக்காலுக்குப் பின்னால் ஏன் மறைகிறாய்? பிள்ளையைக் கூட்டிக்கொண்டு முன்னால் வா. உன் பிள்ளையால் இந்தப் பள்ளியின் பேர் கெடவில்லை. உன் பிள்ளையை மறைத்ததால்தான் கெட்டது! இன்னும் யார் யார் வீட்டில் பிள்ளையை நிறுத்தி வைத்தீர்களோ, அத்தனை பேரும் பிள்ளைகளோடு எழுந்து வாருங்கள்... வாருங்கள்... அடேயப்பா! மதிவதனி அம்மா, பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பள்ளி இப்போதுதான் உங்கள் கண்முன் வந்து நிற்கிறது.

என்னம்மா, எழுந்துவிட்டீர்கள்? மைக் வேண்டுமா? இந்தாருங்கள்... கேட்டீர்களா மக்களே? "திங்கட்கிழமை வருகிறேன்" என்கிறார். வேண்டாம் அம்மா, கிழமையைச் சொல்லாதீர்கள்! சொல்லாமல் வாருங்கள். வந்து, இவர்களுக்குப் பக்கத்தில் உட்காருங்கள்.

இந்தப் பொன்னாடையை நான் இன்று போர்த்தப் போவதில்லை. என் வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருக்கும். மேலே தொங்குகிற இந்தப் பேனரைத் தென்றல் தானாகப் படிக்கிற அன்று, அவள் கையாலேயே உங்களுக்குப் போர்த்துவாள்.

தென்றல், இனிமேல் இவர்கள் வந்தால் உனக்கு லீவு கிடையாது, தெரிந்ததா? பாருங்கள், லீவு போச்சே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள்! கோபித்துக்கொள் கண்ணு, நன்றாகக் கோபித்துக்கொள். ஆனால் பள்ளிக்கு வந்துவிடு.

என் கோபத்தையும் பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. வெயிலில் நின்ற கால்களுக்கு வணக்கம்!